டீச்சர் எண்ணிய பதினைந்து சுற்று

விருத்தாம்பாள் டீச்சரைக் கடலூரில் ஓட்டப்பந்தயம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாவட்டப் போட்டி நடந்தால் முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே, மரப்படிகளின் உச்சியில், வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு கையிலும் ஸ்டாப் வாட்ச் இருக்கும். மூன்று பேர் ஒன்றாக வந்து கோட்டில் விழுந்தாலும் யார் முதல் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் உடற்கல்வி ஆசிரியை. நான் அதே பள்ளியில் தமிழ் ஆசிரியன். ஓய்வறையில் பதினொரு வருஷம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தோம். இங்கே எழுதுவதில் பாதி அவர் சொல்லிக் கேட்டது, மீதி நானே பார்த்தது.

2004-ஆம் வருஷம் சுப்புராயன் என்பவர் பள்ளிக்கு வந்து டீச்சரைப் பார்த்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கடலூரில் டயர் கடை வைத்திருந்தார். தென்பெண்ணை மோட்டார் பந்தயக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குச் செயலாளராக இருந்தார். மண் தடத்தில் பைக் பந்தயம் நடத்துகிறோம், நேரம் குறிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். பைக்கைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். பைக்கைத் தெரிந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், எண்ணத் தெரிந்த ஆள்தான் இல்லை என்றார் அவர்.

எண்ணுவது லேசான வேலை இல்லை என்பது முதல் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. பதினாறு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். மூன்று நான்கு சுற்றுக்குள் முன்னால் போகிறவன் கடைசியில் வருகிறவனைப் பிடித்துவிடுவான். அதற்குப் பிறகு கோட்டைத் தாண்டுகிறவர்களில் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார்கள் என்று புழுதிக்குள் பார்த்துச் சொல்ல முடியாது. டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் ஒருவர் நின்று, கோட்டைத் தாண்டும் வண்டியின் எண்ணைக் கூவ வேண்டும். அவர் அதைச் சுற்றுவாரியாக அட்டவணையில் எழுதி, நேரத்தையும் பக்கத்திலேயே குறித்துவிடுவார். அடியில் கார்பன் தாள் வைத்து ஒரு நகலும் எடுத்துக்கொள்வார். எண்ணைக் கூவும் ஆளாக என்னை இழுத்துக்கொண்டு போனார். வகுப்பில் எனக்கு இருந்த குரல் அப்படி.

அந்தக் காலத்தில் எட்டு அணிகள் ஓடின. அணி என்றால் ஒரு மெக்கானிக் கடை, இரண்டு பைக், அதை ஓட்ட இரண்டு இளைஞர்கள், அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒர்க் ஷாப் வைத்திருந்த செம்பியனின் அணிதான் நல்ல அணி. அதில் ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டியவன் மரியசெல்வம். முதுநகர்க்காரன். வார நாட்களில் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக டிரம் உருட்டுவான். திங்கள் முதல் சனி வரை அவன் உடம்பில் கெமிக்கல் வாடை அடிக்கும் என்றும், ஞாயிற்றுக்கிழமைதான் பெட்ரோல் வாடை அடிக்கும் என்றும் அவன் அம்மா சொல்வாராம். வளைவில் மற்றவர்கள் பிரேக்கைத் தொடும் இடத்துக்கு இரண்டு வண்டி நீளம் தள்ளித்தான் இவன் தொடுவான். பைக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது.

கூட்டம் சேரச் சேரத் தகராறும் சேர்ந்தது. எண்ணெய்க் கம்பெனி ஒன்று சீசனுக்கு மூன்று லட்சம் கொடுத்தது. கேபிள் டிவிக்காரர்களும் கொடுத்தார்கள். எல்லாம் கழகத்துக்குப் போயிற்று. அணிகளுக்குக் கிடைத்தது ஜெயித்தால் பரிசு, தோற்றால் உடைந்த கிளட்ச். நுழைவுக் கட்டணம் மட்டும் வருஷாவருஷம் ஏறியது. 2006-இல் கழகம் இரண்டு விதிகள் கொண்டுவந்தது. டயரைக் கழகம் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது ஒன்று. அது யார் கடை என்று சொல்லவேண்டியதில்லை. பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் கழகத்துக்குச் சொந்தம், அங்கே எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டிக்கர்தான் ஒட்ட வேண்டும் என்பது இன்னொன்று. வண்டி எங்களுடையது, டேங்க் மட்டும் எப்படி அவர்களுடையது என்று செம்பியன் கேட்டார். நாங்கள் இல்லாவிட்டால் பந்தயமே இல்லை என்று அணிக்காரர்கள் சொன்னார்கள். கழகம் இல்லாவிட்டால் நீங்கள் தெருவில் ஓட்டுகிறவர்கள், போலீஸ் பிடிக்கும் என்றார் சுப்புராயன். வருமானத்தில் நாற்பது சதவீதம் வேண்டும் என்று அணிகள் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதிலே வரவில்லை.

2007 பிப்ரவரியில் சீசனின் இறுதிப் போட்டி நடந்தது. செம்பியன் தன் டேங்கை ஒரு பெட்ரோல் பங்க்காரருக்குக் கொடுத்திருந்தார். அவர் சீசன் முழுக்க இலவசமாகப் பெட்ரோல் போட்டவர். அதனால் ஏழாம் நம்பர் வண்டியில் பங்க்கின் பெயர்தான் இருந்தது. காலையில் வண்டியைச் சோதித்தவர்கள் அதைப் பார்த்தும் விட்டுவிட்டார்கள். நன்றாக ஓட்டுகிறவனை நிறுத்தினால் கூட்டம் கத்தும்.

பதினைந்து சுற்று. மரியசெல்வம் நான்காவது சுற்றில் முன்னுக்கு வந்தவன் கடைசிவரை விடவில்லை. பதினைந்து தடவையும் "ஏழு" என்று கூவியது நான். இரண்டாவது வந்தவனை விட ஒன்று புள்ளி நான்கு நொடி முன்னால் முடித்தான். மைதானத்துக்குள் ஆட்கள் குதித்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

அரை மணி கழித்து சுப்புராயன் எங்கள் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"டீச்சர், அந்த ஏழாம் நம்பருக்கு ஒரு சுத்து கொறச்சு எழுதிடுங்க."

டீச்சர் ஏன் என்று கேட்டார். டேங்கில் எங்கள் ஸ்டிக்கர் இல்லை, விதியை மீறியிருக்கிறான் என்றார் அவர்.

"அப்ப அதத் தண்டனைன்னு நீங்க தனியா ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போடுங்க சார். நான் எண்ணுனது பதினஞ்சு. பதினாலுன்னு என் கையால எப்பிடி எழுதறது?"

அவர் பொறுமையாக விளக்கினார். தண்டனை என்று எழுதினால் அணி மாநில அமைப்புக்கு அப்பீல் போகும். அங்கே டேங்க் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும். சுற்று எண்ணிக்கை என்றால் நேரம் குறிப்பவர் சொன்னதுதான் கடைசி. அதற்கு அப்பீல் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, டீச்சருக்கே ஒரு மரியாதை செய்கிறவர் மாதிரி நின்றார்.

டீச்சர் பேனாவை மூடினார். சுப்புராயன், சரிபார்க்க வேண்டும் என்று அட்டவணையை எடுத்துக்கொண்டு போனார். இறுதிப் போட்டியின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மேடையில் வைத்திருந்த கோப்பையைத் துணியால் மூடி ஜீப்பில் ஏற்றினார்கள். மரியசெல்வம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அந்த ஜீப் போகும்வரை மைதானத்திலேயே நின்றான்.

கார்பன் நகல் டீச்சரிடம் இருந்தது. மரியசெல்வம் வந்து கேட்டபோது அதை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவன் ஓட்டியது, அவனிடம் இருக்கட்டும் என்று நினைத்தார். ஒரே வாரத்தில் அது செம்பியன் கைக்குப் போய், இரண்டாயிரம் நோட்டீஸாக அச்சாகி, பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க ஒட்டப்பட்டிருந்தது. டீச்சரின் கையெழுத்து பெரிதாகத் தெரிந்தது. எட்டில் ஆறு அணிகள் கழகத்தை விட்டு விலகி, அணிகள் பேரவை என்று தனியாக ஆரம்பித்தன. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று டீச்சர் செம்பியனிடம் சண்டைக்குப் போனார். உண்மையைத்தானே போட்டோம் என்றார் செம்பியன்.

கழகம் டீச்சரை இடைநீக்கம் செய்து கடிதம் அனுப்பியது. ஆவணத்தை வெளியில் கொடுத்ததாகக் குற்றம். அதன் நகல் பள்ளிக்கும் வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கும் விளக்கம் கேட்டுக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் எண்ணைக் கூவியது தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றும், மனவருத்தம் ஏற்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். என் கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று எனக்கு இருந்தது.

2008 மே மாதம் பேரவை தன் முதல் பந்தயத்தைச் சிதம்பரத்துக்கு வெளியே, விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவில் நடத்தியது. அதில் கலந்துகொள்ளும் யாருக்கும் இனி எந்தக் கழகத்திலும் இடமில்லை என்று சுப்புராயன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். டீச்சர் போனார். இடைநீக்கம் ஆன ஆளை இன்னும் என்ன செய்ய முடியும் என்றார். அவருடைய கணவர் தில்லைநாதன் சிதம்பரத்தில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் அதே பஸ்ஸில் ஏற வைத்துவிட்டாயே என்று முணுமுணுத்துக்கொண்டே கூடப் போனார். அன்றைக்கு எண்ணைக் கூவியது அவர்தான்.

அங்கே தண்ணீர் லாரி வரவில்லை. புழுதியில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் இரண்டு பேர் விழுந்தார்கள். பத்தாவது சுற்றோடு பந்தயத்தை முடித்துக்கொண்டார்கள். முடிந்ததும் செம்பியன் டீச்சரிடம் வந்தார். பணம் கொடுத்த நகைக்கடையோடு பதினைந்து சுற்று என்று ஒப்பந்தம், அதனால் பதினைந்து என்றே எழுதிவிடுங்கள் என்று கேட்டார்.

"அஞ்சு சுத்துல என்னா டீச்சர் ஆயிடப்போவுது? யாரும் ஏமாறல. எல்லாம் நம்ம ஆளுங்கதான."

டீச்சர் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகைக்கடைக்காரர் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பந்தயத்துக்குப் பேரவை அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டு பக்கமும் தனித்தனியாக நடத்தியதில் இரண்டு பக்கமும் கூட்டம் குறைந்தது. எண்ணெய்க் கம்பெனி, நீங்கள் ஒன்று சேர்ந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டது. 2009 ஆகஸ்டில் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். வருமானத்தில் அணிகளுக்கு முப்பத்தைந்து சதவீதம். டேங்கின் ஒரு பக்கம் கழகத்துக்கு, இன்னொரு பக்கம் அணிக்கு. செம்பியன் கழகத்தின் இணைச் செயலாளர். ஒருவர் மேல் ஒருவர் கொடுத்த புகார்கள் எல்லாம் வாபஸ். 2007-இன் இறுதிப் போட்டி முடிவடையாத போட்டியாகக் கருதப்படும். இந்த ஒப்பந்தத்தின் நகலைத் தில்லைநாதன்தான் யாரிடமோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். டீச்சர் கடைசி வரியை மூன்று முறை படித்தாராம். தன் இடைநீக்கத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்பதை மறுநாள்தான் கவனித்தார்.

மரியசெல்வத்துக்கு அந்த மாதம்தான் ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு பைக் கம்பெனி டெஸ்ட் ரைடர் வேலைக்கு ஆள் எடுத்தது. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கழகத்தின் சீசன் போட்டியில் முதல் இடம் பெற்ற சான்றிதழ் வேண்டும். அவனுக்கு நவம்பரில் இருபத்தைந்து முடிகிறது. அவன் முதலில் வந்த ஒரே இறுதிப் போட்டி 2007-இல் நடந்ததுதான்.

டீச்சர் அவனை அழைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனார். நானும் போனேன். சுப்புராயன் டீ வரவழைத்து, அன்பாகத்தான் பேசினார்.

"ஒப்பந்தத்துல அந்தப் போட்டி முடியவேயில்லன்னு ஆயிடுச்சு டீச்சர். அதுல கையெழுத்து போட்டது நான் மட்டும் இல்ல, இவன் மொதலாளியும்தான். முடியாத போட்டிக்கு நான் எப்பிடி சர்டிபிகேட் குடுப்பேன், நீங்களே சொல்லுங்க."

அங்கிருந்து செம்பியனின் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். இப்போது இதைக் கிளப்பினால் மொத்த ஒப்பந்தமும் உடையும், எட்டு அணிகளின் பிழைப்பு என்றார் அவர். உனக்கு அடுத்த சீசனில் நல்ல வண்டி தருகிறேன் என்று மரியசெல்வத்தின் தோளில் தட்டினார். இந்தத் தாளைத்தானே ரெண்டாயிரம் நோட்டீஸ் அடித்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். செம்பியன் கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தன் கையெழுத்துப் போட்ட நகலையே டீச்சர் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். கழகத்தின் முத்திரை இல்லாததால் ஏற்க இயலவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நவம்பர் கடந்தது. மரியசெல்வம் அடுத்த சீசனில் இரண்டு பந்தயம் ஓட்டினான். பிறகு கல்யாணம், சிப்காட்டில் இரட்டை ஷிப்ட் என்று விட்டுவிட்டான்.

டீச்சர் விடவில்லை. கழகத்துக்குப் பதினேழு கடிதம் எழுதினார் என்பது எனக்குத் தெரியும். சிலதை நான்தான் திருத்திக் கொடுத்தேன். எதற்கும் பதில் இல்லை. ஓய்வறையில் மற்ற ஆசிரியர்கள் அவர் வந்தால் பேச்சை மாற்ற ஆரம்பித்தார்கள். எதைப் பேசினாலும் அவர் அங்கேதான் வந்து நிற்பார். இவ்வளவு பெரிய விஷயமா இது என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். பெரிசா சின்னதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது சார், பதினைந்து என்று தெரியும் என்றார். அன்றைக்கு அவருக்கு ரத்த அழுத்தம் கூடி மயக்கம் வந்து ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம்.

வழி காட்டியது தில்லைநாதன்தான். இதெல்லாம் வேண்டாம் என்று நான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் சாப்பிடும்போது, பதிவு செய்த சங்கம் ஒவ்வொரு வருஷமும் பதிவாளர் அலுவலகத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும், பணம் கட்டினால் நகல் தருவார்கள் என்றார். 2011 அக்டோபரில் டீச்சர் விண்ணப்பித்தார். மூன்று வாரத்தில் நகல் கிடைத்தது.

அதைக் கொண்டுவந்து ஓய்வறை மேசையில் என் முன்னால் வைத்தார். 2006-2007-க்கான ஆண்டறிக்கை. இறுதிப் போட்டி பதினைந்து சுற்றுகளுடன் சிறப்பாக நிறைவடைந்தது என்று இருந்தது. முதல் இடம் ஏழாம் எண், மரியசெல்வம். நேரம், டீச்சர் குறித்த அதே நேரம், புள்ளிக்குப் பிறகு வரும் எண் உட்பட. பரிசுத்தொகை பதினைந்தாயிரம் வழங்கப்பட்டது என்றும் இருந்தது; அவன் கைக்கு ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. போட்டி முடிந்ததாகக் காட்டினால்தான் எண்ணெய்க் கம்பெனியின் கடைசித் தவணை வரும் என்பது பிறகு தெரிந்தது. எங்களிடமிருந்து வாங்கிப் போன அட்டவணையைப் பார்த்து எழுதி, அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, அவனிடம் போட்டியே முடியவில்லை என்றிருக்கிறார்கள்.

டீச்சர் அழவில்லை. "அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு சார்," என்று மட்டும் சொன்னார். "எண்ணிக்கையில சந்தேகமே இல்ல அவுங்களுக்கு."

நகலை இணைத்துக் கடிதம் போனதும் முதல் முறையாகப் பதில் வந்தது. 2012 ஜனவரி எட்டாம் தேதி பொதுக்குழுவில் பேசலாம் என்றார்கள். அதற்குள் டிசம்பர் முப்பதாம் தேதி ‘தானே’ புயல் அடித்தது. கடலூரில் நிற்கிற மரத்தை எண்ணிவிடலாம் என்கிற நிலை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டீச்சர் வீட்டு மாடிக் கொட்டகை பறந்து அடுத்த தெருவில் கிடந்தது. தில்லைநாதன் ராப்பகலாகக் கம்பம் நடும் வேலையை மேற்பார்க்கப் போய்விட்டார். பொதுக்குழு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, பிறகு மே மாதத்துக்கு. கடைசியில் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது.

டீச்சர் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். அதைப் படிக்க வாய்ப்பே கொடுக்கவில்லை. கூட்டம் ஆரம்பித்ததும் செம்பியன் எழுந்து, நிலுவையில் இருந்த ஒரு சான்றிதழை வழங்குவதில் கழகம் பெருமைப்படுகிறது என்றார். மரியசெல்வத்தைக் கூப்பிட்டார்கள். சுப்புராயன் சான்றிதழும், பரிசுத்தொகைக்கு ஒரு காசோலையும் கொடுத்தார். சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, அந்தப் போட்டியில் எண்ணைக் கூவியவன் நான், பதினைந்து சுற்று என்பதற்கு நானும் சாட்சி என்று சொன்னேன். அதுதான் கொடுத்துவிட்டோமே சார், உட்காருங்கள் என்றார் செம்பியன். ஐந்து வருஷம் கழித்து நான் சொன்ன ஒரே வாக்கியம் அது, யாருக்கும் தேவைப்படவில்லை. போட்டி முடியவில்லை என்று எழுதியது யார், முடிந்தது என்று எழுதியது யார் என்று டீச்சர் கேட்டார். அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள்.

வெளியே வந்ததும் மரியசெல்வம் சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு சான்றிதழைப் படித்தான். அவனுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. முன்தலையில் முடி கொட்டியிருந்தது.

"இத இப்ப எங்க டீச்சர் காட்டறது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஏதாவது இடம் இருந்தால் போய்க் காட்டலாம் என்பது போலத்தான் கேட்டான். காசோலை பாஸாகிறதா என்று முதலில் பார் என்றார் டீச்சர். அது பாஸானது. குழந்தைக்குத் தொட்டில் வாங்கியதாகச் சொன்னான்.

அடுத்த வாரமே டீச்சர் தன் இடைநீக்கத்தை எழுத்து மூலம் ரத்து செய்யக் கேட்டுக் கழகத்துக்கு எழுதினார். பந்தயத்தில் இனி உட்காரும் எண்ணம் அவருக்கு இல்லை. இப்போது நேரம் குறிக்க மின்சாரக் கருவி வந்துவிட்டது. பெயரிலிருந்து அது போக வேண்டும், அவ்வளவுதான். பதில் பத்து நாளில் வந்தது. கழகத்தின் பதிவேடுகளைச் சரிபார்த்ததில் தங்கள் மீது இடைநீக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, எனவே ரத்து செய்ய ஒன்றும் இல்லை என்று இணைச் செயலாளர் செம்பியன் கையெழுத்திட்டிருந்தார்.

டீச்சர் அதை என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பீரியட் மணி அடித்தது. அவர் 2007-இல் வந்த இடைநீக்கக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மதிய இடைவேளையில் இதை இரண்டு நகல் எடுத்து வரமுடியுமா சார் என்று கேட்டார். இருபதாவது கடிதத்தோடு இணைக்க வேண்டுமாம். வாங்கிக்கொண்டேன்.